வெண் அழுகல் பூஞ்சையும் போகாத நீலமும்: உங்கள் அனுபவம் என்ன?

ஆய்வு மாணவி:
மரத்துக்கு உறுதி தரும் லிக்னின் என்ற பொருளைச் சிதைத்து வெளிறிய நாரை மட்டும் விட்டுவைக்கும் பெனரோகீட் கிரைசோஸ்போரியம் என்ற வெண் அழுகல் பூஞ்சைதான் நான் முதலில் வளர்த்தது. டி.டி.டி., லிண்டேன் போன்ற பிடிவாதமான பூச்சிக்கொல்லி நஞ்சுகளையும் அது சிதைப்பதாக 1985இல் 'சயின்ஸ்' இதழில் வெளிவந்த கட்டுரையைப் படித்திருந்ததால், பெரும் நம்பிக்கையோடு தொடங்கினேன். செழித்து வளர்ந்தால் செழிப்பாக வேலை செய்யும் என்று எண்ணி, நைட்ரஜன் நிறைந்த பெப்டோன் என்ற சத்தைத் தாராளமாகச் சேர்த்த வளர்ப்பு ஊடகத்தில் விட்டு, ரெமசால் பிரில்லியன்ட் நீலம் என்ற துணிச் சாயத்தைக் கலந்தேன். பூஞ்சை பஞ்சுப் பொதியாகத் திரண்டது. சாயமோ பத்து நாளாகியும் துளிகூட மங்கவில்லை.

காரணம் பிறகுதான் புரிந்தது. இந்தப் பூஞ்சைக்கு லிக்னின் உணவன்று, உணவான செல்லுலோஸை எட்டவிடாமல் மறிக்கும் வேலி. நைட்ரஜன் தீர்ந்து வளர்ச்சி தளரும்போதுதான் அது லிக்னின் பெராக்சிடேஸ் நொதியைச் சுரக்கத் தொடங்குகிறது. நான் வயிறாரப் போட்டு அதைச் சோம்பேறியாக்கியிருந்தேன். நைட்ரஜனைக் குறைத்த அடுத்த குடுவையில் ஆறாம் நாளே நீலம் மங்கத் தொடங்கியது.

என்னை இன்றும் வியக்க வைப்பது அந்த நொதியின் போக்கு. லிக்னினுக்கு ஒழுங்கான அமைப்பு கிடையாது என்பதால், பூட்டுக்கேற்ற சாவியாக ஒரு நொதி அமைவது அங்கே எடுபடாது. ஆகவே, ஹைட்ரஜன் பெராக்சைடால் தூண்டப்பட்ட நொதி, லிக்னினில் உள்ள அரோமாட்டிக் வளையத்திலிருந்து (பென்சீன் போன்ற கார்பன் வளையம்) ஓர் எலக்ட்ரானைப் பறித்துவிட்டு ஒதுங்கிக்கொள்கிறது; நிலைகுலைந்த மூலக்கூறு அதன்பின் தானாகவே உடைகிறது. ஆள் பார்த்து அடிக்காத இந்தக் குணத்தால்தான் மரத்தோடு தொடர்பே இல்லாத சாயமும் பூச்சிக்கொல்லியும் அதற்கு இரையாகின்றன.

கழிவுநீர்ப் பிரிவில் பணி:
நானும் அதே பூஞ்சையை வளர்த்தேன். காற்று நன்றாகக் கிடைக்கட்டும் என்று குடுவையைக் குலுக்கியில் வைத்ததில் நொதி அடியோடு நின்றுவிட்டது. ட்வீன் 80 என்ற சோப்புப் போன்ற பொருளைச் சேர்த்த பிறகே திரும்ப வந்தது. அதைவிடப் பெரிய ஏமாற்றம் ஒன்று உண்டு. ஒருமுறை திரவம் கண்ணாடிபோல் தெளிந்ததைக் கண்டு மகிழ்ந்து வடிகட்டினேன். வடிதாளில் தங்கிய இழைகள் நீலமாக இருந்தன. சாயம் சிதையவில்லை, இழையில் ஒட்டிக்கொண்டிருந்தது, அவ்வளவுதான். அன்று முதல், சாயம் சிதைகிறதா வெறுமனே ஒட்டுகிறதா என்று ஒப்பிட்டுப் பார்க்க, வெப்பத்தால் கொன்ற பூஞ்சையை இட்ட ஒரு குடுவையையும் பக்கத்தில் வைக்காமல் எந்தச் சோதனையையும் நான் தொடங்குவதில்லை.

காளான் வளர்ப்பவர்:
சிப்பிக்காளானுக்கு நைட்ரஜன் விஷயத்தில் இவ்வளவு பத்தியம் தேவைப்படவில்லை. செப்பு அணுக்களைக் கொண்ட லாக்கேஸ் என்ற நொதியை அது சுரக்கிறது. இந்த நொதி பட்டால் நிறம் மாறும் குவாயகால் கலந்த அகர் வளர்ப்புத் தட்டில் இழையைச் சுற்றிச் செம்பழுப்பு வளையம் விழுவதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆனால் தட்டில் கண்டதை நம்பி, எண்ணெய் படிந்த மண்ணில் மரத்தூளோடு கலந்துவிட்டபோது, மண்ணிலிருந்த பாக்டீரியாக்களும் பச்சைப் பூசணமும் இரண்டே வாரத்தில் அதை மூடிவிட்டன. மரத்தூளின் அளவைக் கூட்டி மறுமுறை முயன்றபோது இழை ஓரளவு தாக்குப்பிடித்தது. எண்ணெய் எவ்வளவு குறைந்தது என்று அளக்க என்னிடம் வசதி இல்லை.

ஆய்வு மாணவி:
கொன்ற பூஞ்சைக் குடுவை எனக்குத் தோன்றவே இல்லை. இப்போது பழைய படங்களை எடுத்துப் பெரிதாக்கிப் பார்த்தேன்; ஆறாம் நாள் குடுவையில் இழைத் திட்டின் அடிப்பக்கம் இலேசான நீலம் தெரியத்தான் செய்கிறது.