நெட்வொர்க் டிரைவில் எம்பி3 வருகிறது, வேவ் கோப்பு வரவில்லை

தவில்வீடு:
அப்பா தவில் வாசித்தவர். கோயில் புறப்பாடு, கல்யாணம் என்று பதிவு செய்த 41 கேசட்டுகள் பரணில் கிடந்தன. தம்பி கோவையில் அவற்றை வேவ் கோப்பாக (ஒலியைச் சுருக்காமல் வைக்கும் வடிவம்) மாற்றி, கோப்புகளை இணையம் வழியே பகிரும் தன் வீட்டு நெக்ஸ்ட்கிளவுட் சர்வரில் போடுகிறான். நான் தஞ்சாவூரில் எடுத்து, ஆடாசிட்டி என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் இரைச்சல் நீக்குகிறேன். விண்டோஸ் 10-இல் அந்த சர்வரை இசட் டிரைவாக இணைத்திருக்கிறேன்.

கேசட் அட்டைப் படங்கள் உடனே வந்துவிடுகின்றன. 30 நிமிடப் பக்கம் ஒன்று வேவில் 300 எம்பிக்கு மேல். அதை இழுத்துப் போட்டால் ‘கோப்பின் அளவு வரம்பை மீறுகிறது’ என்று 0எக்ஸ்800700டிஎஃப் பிழை. அதையே எம்பி3 ஆக்கினால் 28 எம்பி, வந்துவிடுகிறது. ஆனால் அதில் தவிலின் வலந்தலையில் (வலப்பக்கத் தோல்) விரல்கூடு படும் அந்தக் கணீர் மழுங்கிப் போகிறது. அதை இழக்க எனக்கு மனமில்லை. என்ன செய்யலாம்?

ஈரோட்டுக்காரன்:
தம்பியின் சர்வரில் ஏதாவது வரம்பு வைத்திருக்கிறாரா, கேளுங்கள்.

தவில்வீடு:
கேட்டேன், இல்லை என்கிறான். குரோமில் திறந்து இறக்கினால் அதே கோப்பு முழுதாக வருகிறது.

பழைய_சிஸ்அட்மின்:
குரோமில் வருகிறது என்றால் தம்பி பக்கம் குற்றமில்லை. உங்கள் கணினியில்தான் விஷயம். நெக்ஸ்ட்கிளவுட்டை இப்படி டிரைவாக இணைப்பது வெப்டாவ் என்ற முறையில். அந்த இணைப்பை விண்டோஸில் பார்த்துக்கொள்வது வெப்கிளையண்ட் என்ற சர்வீஸ். 5 கோடி பைட்டுக்கு மேற்பட்ட கோப்பை அது இறக்க விடாது. கிட்டத்தட்ட 47 எம்பி. உங்கள் எம்பி3 தப்பித்தது அதனால்தான்.

விண்டோஸின் உள் அமைப்புகளை மாற்றும் ரெஜிஸ்ட்ரி எடிட்டரில் ஹெச்கீ லோக்கல் மெஷின், சிஸ்டம், கரன்ட்கன்ட்ரோல்செட், சர்வீசஸ், வெப்கிளையண்ட், பாராமீட்டர்ஸ் வரை போங்கள். அங்கே ஃபைல்சைஸ்லிமிட்இன்பைட்ஸ் இருக்கும். திறந்ததும் முதலில் டெசிமலைத் தேர்ந்தெடுத்து, அப்புறம் 4294967295 என்று போடுங்கள். ஹெக்ஸாவிலேயே விட்டால் அந்த எண் அங்கே செல்லாது. பிறகு வெப்கிளையண்ட் சர்வீஸை ஒருமுறை நிறுத்தித் தொடங்குங்கள். 4 ஜிபி வரை வரும். அதற்கு மேல் இந்த வழியில் முடியாது.

இன்னொன்று: இசட் டிரைவிலிருந்தே ஆடாசிட்டியில் திறக்காதீர்கள். விண்டோஸ் முழுக் கோப்பையும் முதலில் சி டிரைவில் இறக்கிக்கொண்டுதான் திறக்கும். அதற்கு நீங்களே உள்ளூர் ஃபோல்டரில் காப்பி எடுத்து வேலை பார்ப்பது நிம்மதி, அப்பாவின் மூலப் பதிவும் பத்திரம்.

மின்ட்_பயனர்:
மேலே சொன்னது சரி. ஆனால் மைக்ரோசாஃப்ட் 2023 நவம்பரிலேயே வெப்கிளையண்ட்டைக் கைவிடும் பட்டியலில் சேர்த்துவிட்டது. 41 கேசட் என்பது நீண்ட வேலை. ஆர்குளோன், வின்எஃப்எஸ்பி என்ற இரண்டு மென்பொருள்களையும் போட்டு அதே சர்வரை டிரைவாக இணைத்துக்கொள்ளலாம், இந்த வரம்பு இல்லை. நான் லினக்ஸ் மின்டில் முகவரியின் முன்னால் டிஏவிஎஸ் போட்டு (ஹெச்டிடிபிஎஸ்-க்குப் பதிலாக) அதன் கோப்பு மேலாளரான நீமோவிலேயே திறக்கிறேன். தம்பி இரட்டைச் சரிபார்ப்பு வைத்திருந்தால் வழக்கமான கடவுச்சொல் ஏற்காது. நெக்ஸ்ட்கிளவுட் பாதுகாப்பு அமைப்பில் தனியாக ஒரு ஆப் கடவுச்சொல் உருவாக்குங்கள்.

தவில்வீடு:
ரெஜிஸ்ட்ரியை மாற்றினேன், வந்துவிட்டது! முதல் கேசட்டின் ஏ பக்கம், 317 எம்பி. தனி ஆவர்த்தனத்துக்கு முன்னால் அப்பா தொண்டையைச் செருமுவது கூடக் கேட்கிறது. ரொம்ப நன்றி ஐயா. ஆர்குளோனை ஞாயிற்றுக்கிழமை தம்பியோடு உட்கார்ந்து போட்டுப் பார்க்கிறேன். அதுவரை இரைச்சல் நீக்காமல் அப்படியே கேட்டுக்கொண்டிருக்கப் போகிறேன்.