உதவி தேவை: எலி உதரவிதானப் பதிவில் பொட்டாசியம் விரவல் கணக்கு நான்கு மடங்கு பிசகுகிறது

முத்தியால்பேட்டையான் (திங்கள், இரவு 11.40)

அனைவருக்கும் வணக்கம். புதுச்சேரியில் ஆய்வு மாணவனாக இருக்கிறேன். எலியின் உதரவிதானத் தசையில் நுண்மின்முனை செலுத்தி, வெளிக்கரைசலின் பொட்டாசியத்தை 5 மில்லிமோலாரிலிருந்து 10 ஆக உயர்த்தும்போது சவ்வு மின்னழுத்தம் எவ்வாறு நகர்கிறது என்று பதிவு செய்கிறேன். விரவல் (பொருள் செறிவு மிகுந்த இடத்திலிருந்து குறைந்த இடத்துக்குப் பரவுதல்) சமன்பாட்டின்படி நேர மாறிலி, அதாவது மாற்றம் எவ்வளவு மெதுவாக நிறைவடைகிறது என்பதன் அளவு, 48 விநாடியாக இருக்க வேண்டும். பதிவிலோ 190 விநாடி வருகிறது. விரவும் விரைவைக் குறிக்கும் விரவல் கெழுவை நானாக நான்கில் ஒரு பங்காகக் குறைத்தால் இரு வளைகோடுகளும் ஒன்றன்மேல் ஒன்று படிந்துவிடுகின்றன. கணினி நிரலில் பிழை இல்லை, மும்முறை பார்த்துவிட்டேன். வெள்ளிக்கிழமை வழிகாட்டியிடம் காட்ட வேண்டும். எங்கே தவறுகிறேன்?

கெடிலக்கரை (செவ்வாய், காலை 6.15)

தம்பி, தசையின் தடிமன் எவ்வளவு, கரைசல் எந்த வேகத்தில் ஓடுகிறது, தசையை வைத்திருக்கும் கலத்தின் கொள்ளளவு என்ன, வெப்பநிலை என்ன என்று எதையுமே சொல்லாமல் விடையை மட்டும் கேட்கிறீர்கள். 5 மில்லிலிட்டர் கலத்தில் நிமிடத்துக்கு 2 மில்லிலிட்டர் ஓடினால், கரைசல் மாறுவதற்கே 150 விநாடி நேர மாறிலி ஆகிவிடும். அதன்பின் தசையைக் குறை சொல்லிப் பயனில்லை. கரைசல் எவ்வளவு விரைவில் மாறுகிறதென்று சாயம் கலந்து ஓடவிட்டுப் பார்த்தீர்களா?

பழைய_மின்முனை (செவ்வாய், காலை 9.02)

இத்துறையில் காலடி வைப்பவர்கள் முன்னோர் எழுதியதைப் படித்துவிட்டு வந்தால் இத்தகைய கேள்விகள் எழாது. திசுவுக்குள் பொருள்கள் விரவுவதற்கான கணக்கை உடலியங்கியல் அறிஞர் ஏ.வி.ஹில் 1928 ஆம் ஆண்டிலேயே போட்டுக் காட்டிவிட்டார். ஹாட்ஜ்கினும் ஹோரோவிச்சும் தவளையின் ஒற்றைத் தசையிழையில் பொட்டாசியத்தைக் கூட்டியபோது மின்னழுத்தம் உடனே மாறியதையும், குறைத்தபோது மெதுவாகத் திரும்பியதையும் 1960 இல் பதிவு செய்தார்கள். இழைக்குள் செல்லும் குறுக்குக் குழல்களில் பொட்டாசியம் தேங்குவதே அதற்குக் காரணம். தங்கள் பதிவிலும் அதுதான் நிகழ்கிறது. குழல்களை மாதிரியில் சேர்க்கவும்.

உப்புக்கணக்கு (செவ்வாய், காலை 10.30)

பெரியவர் சொல்வதை மறுப்பதற்குப் பொறுத்தருள வேண்டும். எலியின் தசையிழைக்கு 25 மைக்ரான் ஆரம் என்று வைத்து, உருளைக்கான கணக்கைப் போட்டால், திசுவுக்கான கெழுவைக் கொண்டே 0.14 விநாடிதான் வருகிறது. குழல்களுக்குள் பொட்டாசியம் பத்து மடங்கு மெதுவாக ஊர்ந்தாலும் ஒன்றரை விநாடி. மூன்று நிமிடத்துக்கு அது எப்படிக் காரணமாகும்?

என் ஐயம் குளோரைடின் மீது. சோடியம் குளோரைடை எடுத்துவிட்டுப் பொட்டாசியம் குளோரைடு சேர்த்திருந்தால், வெளியே பொட்டாசியம், குளோரைடு ஆகியவற்றின் பெருக்கற்பலன் இரட்டிப்பாகிறது. குளோரைடு இழைக்குள் புகுந்து புதிய சமநிலை காணும்வரை மின்னழுத்தம் மெல்ல நகர்ந்துகொண்டேயிருக்கும். பெருக்கற்பலன் மாறாதபடி குளோரைடைப் பாதியாக்கி ஒருமுறை பதிவு செய்து பாருங்கள்.

முத்தியால்பேட்டையான் (செவ்வாய், பிற்பகல் 1.20)

மன்னிக்கவும், இவையெல்லாம் வழக்கமானவை என்று நினைத்து எழுதாமல் விட்டேன். தடிமன் 0.6 மில்லிமீட்டர், ஆகவே அரைத் தடிமன் 0.3. நீரில் பொட்டாசியத்தின் விரவல் கெழு விநாடிக்கு 0.00196 சதுர மில்லிமீட்டர். வழிச்சுற்றுக் காரணி (இழைகளைச் சுற்றிச் செல்வதால் வழி எத்தனை மடங்கு நீள்கிறது என்பது) 1.6 என்று கொண்டு, அதன் வர்க்கத்தால் வகுத்திருக்கிறேன். கலம் 2.5 மில்லிலிட்டர், ஓட்டம் நிமிடத்துக்கு 10 மில்லிலிட்டர். சாயம் 15 விநாடியில் மாறியது. சோடியம் குளோரைடுக்கு ஈடாகப் பொட்டாசியம் குளோரைடுதான் சேர்த்தேன். மின்முனை மேற்பரப்பிலிருந்து ஏறக்குறைய 0.4 மில்லிமீட்டர் ஆழத்தில் இருந்தது. அறை வெப்பநிலை. கழுவும்போது, அதாவது பொட்டாசியத்தை மீண்டும் 5 ஆக்கும்போது, மின்னழுத்தம் இன்னும் மெதுவாகத் திரும்புகிறது.

கெடிலக்கரை (செவ்வாய், பிற்பகல் 2.05)

அறை வெப்பநிலை என்பது கோடை மதியத்துப் புதுச்சேரியா, குளிரூட்டிய அறையா? டிகிரிக்கு ஏறக்குறைய 2 சதவீதம் கெழு கூடும். ஆனால் வெப்பம் கூடினால் விரவல் விரையுமே தவிர மந்தமாகாது. எனவே தங்கள் பிசகுக்கு அது காரணமில்லை. ஓட்டமும் காரணமில்லை என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

பழைய_மின்முனை (செவ்வாய், மாலை 5.48)

வழிச்சுற்றுக் காரணி 1.6 என்பது மூளைத் திசுவுக்கு வழங்கும் எண். அதைத் தசைக்குப் பொருத்துவது அடிப்படைப் பிழை. இழைகள் ஒரே திசையில் அடுக்கப்பட்ட தசையில் இழையோடு செல்லும் வழி வேறு, குறுக்கே செல்லும் வழி வேறு. கழுவும்போது தாமதமாவது குழல் தேக்கத்தையே உறுதிசெய்கிறது.

உப்புக்கணக்கு (செவ்வாய், மாலை 6.30)

மூளை எண்ணைத் தசைக்குப் போடக்கூடாது என்பது சரி. ஆனால் அந்த ஒன்றை மட்டும் மாற்றி நான்கு மடங்கு தாமதம் பெற, காரணியை 3.2 ஆக்க வேண்டும். அது நம்பத் தக்கதாக இல்லை.

கழுவும்போது தாமதமாவதற்குக் குழலும் தேவையில்லை, குளோரைடும் தேவையில்லை என்பதை என் கட்சிக்கு எதிராகவே சொல்கிறேன். மின்னழுத்தம் செறிவின் மடக்கையைப் பின்பற்றுகிறது. 5 இலிருந்து 10 க்குப் போகும் வழியில் பாதிச் செறிவான 7.5 ஐ எட்டும்போது மின்னழுத்தம் 58 சதவீதம் நகர்ந்துவிடும். திரும்பும் வழியில் அதே 7.5 இல் 42 சதவீதம்தான் நகர்ந்திருக்கும். வரவு வேகமாகவும் போக்கு மெதுவாகவும் தோன்றுவதில் ஒரு பகுதியேனும் வெறும் கணிதம்.

பழைய_மின்முனை (செவ்வாய், இரவு 8.11)

செறிவையும் மின்னழுத்தத்தையும் இணைக்கும் நெர்ன்ஸ்ட் சமன்பாட்டை எனக்குக் கற்பிக்க வேண்டியதில்லை.

வில்லியனூர்_வாசகி (செவ்வாய், இரவு 10.17)

பிசகு ஏறக்குறைய நான்கு மடங்கு என்பதை யாரும் பொருட்படுத்தவில்லையே. விரவல் நேரம் தடிமனின் வர்க்கத்தைப் பொறுத்தது. நான்கு என்பது இரண்டின் வர்க்கம். தடிமனில் எங்கோ இரண்டு தவறியிருக்கிறது என்றே முதலில் பார்க்கத் தோன்றுகிறது. தசையை எப்படிப் பொருத்தியிருக்கிறீர்கள்? கரைசல் இரு பக்கமும் படுகிறதா?

முத்தியால்பேட்டையான் (செவ்வாய், இரவு 10.41)

அடியில் சில்கார்டு என்னும் ரப்பர் போன்ற சிலிக்கோன் ஊற்றி உறைய வைத்த தட்டில், ஊசிகளால் குத்தி விரித்திருக்கிறேன். எல்லோரும் அப்படித்தானே செய்கிறார்கள்?

வில்லியனூர்_வாசகி (செவ்வாய், இரவு 11.03)

அப்படியானால் அடிப்பக்கம் அடைபட்டிருக்கிறது. அடைபட்ட பக்கம் விரவலுக்கு முகம் பார்க்கும் கண்ணாடி போன்றது, 0.6 மில்லிமீட்டர் தசை, இருபுறமும் திறந்த 1.2 மில்லிமீட்டர் தசையைப் போல நடந்துகொள்ளும். தங்கள் சூத்திரத்தில் அரைத் தடிமன் 0.3 அன்று, 0.6. மீண்டும் போட்டுப் பாருங்கள்: 190 விநாடி வரும். மின்முனை எந்த ஆழத்தில் இருந்தாலும் பிற்பகுதியின் நேர மாறிலி அதுவேதான். ஆழத்தால் மாறுவது தொடக்கத் தயக்கம் மட்டுமே. அவ்வளவு தடித்த தசைக்கு ஒரே பக்கத்திலிருந்து ஆக்சிஜன் போதுமா என்பதையும் கவனியுங்கள். மூச்சுத் திணறும் இழைகள் தாமே பொட்டாசியத்தைக் கசியவிடும்.

கெடிலக்கரை (புதன், காலை 6.20)

சகோதரி சொன்னதே சரி. உப்புக்கணக்கு சொன்ன குளோரைடுச் சோதனையைச் செய்வதாக இருந்தால் ஓர் எச்சரிக்கை: கலத்தில் வெறும் வெள்ளி–வெள்ளி குளோரைடு மின்முனையை நனைத்திருந்தால், குளோரைடைப் பாதியாக்கும்போது அதன் மின்னழுத்தமே ஏறக்குறைய 18 மில்லிவோல்ட் நகரும். பொட்டாசியத்தை இரட்டிப்பதால் தசையில் எதிர்பார்க்கும் மாற்றமும் ஏறக்குறைய அவ்வளவே. இரண்டும் ஒன்றையொன்று விழுங்கிவிட, தசை செத்துவிட்டதென்று கருதி எறிந்துவிடுவீர்கள். நான் ஒரு மாதம் அப்படி எறிந்திருக்கிறேன். மின்முனை கலத்துக் கரைசலை நேரே தொடாதபடி, 3 மோலார் பொட்டாசியம் குளோரைடு கலந்த அகர் கூழ் நிரப்பிய குழாயைப் பாலமாக (அகர் பாலம்) வைத்துக்கொள்ளுங்கள்.

பழைய_மின்முனை (புதன், காலை 9.30)

பொருத்தும் முறையை முதல் பதிவிலேயே எழுதியிருந்தால் நானும் அதைத்தான் சொல்லியிருப்பேன்.

முத்தியால்பேட்டையான் (வியாழன், இரவு 9.55)

தசையை வளையத்தில் கட்டி, இருபுறமும் கரைசல் படும்படி தொங்கவிட்டேன். நேர மாறிலி 56 விநாடி. அனைவருக்கும் நன்றி.

உப்புக்கணக்கு (வியாழன், இரவு 10.20)

மகிழ்ச்சி. மீதமுள்ள 8 விநாடி கலத்தின் ஓட்டமா, குளோரைடா? அகர் பாலம் வைத்தீர்களா?

உப்புக்கணக்கு (ஞாயிறு, காலை 7.45)

தம்பி, இருக்கிறீர்களா?