மறுமொழி: ‘ஹேங்’ ஆன செயன்முறைக்குத் தமிழ்ச் சொல் – ‘கிடப்பு’ என்று வைப்போமா?

அன்பின் நண்பர்களுக்கு, வணக்கம்.

மட்டக்களப்புத் தம்பி அனுப்பிய கைநூல் அத்தியாயத்தையும் அதற்குக் கீழே நீங்கள் எல்லோரும் எழுதிய மறுமொழிகளையும் நேற்றிரவு கொழும்பு வெள்ளவத்தையில் வீட்டிலிருந்து ஆறுதலாக வாசித்தேன். சேவையகத்தில் ஒரு செயன்முறை, அதாவது ஓடிக்கொண்டிருக்கும் ஒரு நிரல், அசையாமல் நின்றுவிட்டால், கூடவே தட்டில் கோப்புகளை ஒழுங்காக வைத்திருக்கும் கோப்பு முறைமையும் இறுகிவிட்டால், அந்த நிலைக்கு என்ன பெயர் என்பது கேள்வி. தொங்கல், முடக்கம், உறைநிலை, தடுக்கவியலாத் துயில் என்று நான்கு சொற்கள் வந்திருக்கின்றன. நான்கும் எனக்கு ஒத்துவரவில்லை. ஏன் என்று சொல்லிவிட்டு என் சொல்லை வைக்கிறேன்.

தொங்கல் வேண்டாம். எங்கள் பக்கத்தில் தொங்கல் என்றால் கடைசி முனை. ‘ஒழுங்கைத் தொங்கலில் அவருடைய வீடு’ என்போம். முடக்கம் என்பது ஒருவர் வேண்டுமென்றே செய்வது. பயனர் கணக்கை முடக்குகிறோம், ஒரு சேவையை முடக்குகிறோம். அந்தச் சொல்லுக்கு ஏற்கெனவே வேலை இருக்கிறது.

உறைநிலையைத்தான் பலர் விரும்பியிருக்கிறீர்கள். கேட்க அழகாக இருக்கிறது, உண்மைதான். ஆனால் லினக்ஸில் கோப்பு முறைமையை உறையவைப்பது என்று தனியாக ஒரு செயலே உண்டு. எஃப்எஸ்ஃப்ரீஸ் என்ற கட்டளை அதற்குத்தான். நிலைப்படம் (ஸ்னாப்ஷாட்), அதாவது தட்டின் அந்த நேரத்து நகல், எடுக்கும் முன் எழுத வேண்டியதையெல்லாம் தட்டில் எழுதி முடித்து, புதிதாக எழுதுவதை நிறுத்திவைப்போம். எடுத்து முடிந்ததும் இளக்கிவிடுவோம். அது நிர்வாகி தெரிந்து செய்வது, நல்ல காரியம். யாராவது இளக்க மறந்தால் எழுத வந்த செயன்முறைகள் எல்லாம் வரிசையாக நின்றுவிடும். அப்போது ‘உறைந்த கோப்பு முறைமையால் செயன்முறைகள் உறைந்தன’ என்று எழுதினால் மாணவனுக்கு எது காரணம், எது விளைவு என்று எப்படித் தெரியும்? உறைவை அந்த வேலைக்கே விட்டுவிடுவோம்.

கொஞ்ச நாளைக்கு முன் நான் பார்க்கும் ஒரு சேவையகத்தில் நடந்ததைச் சொல்கிறேன். சொல்லைப் பற்றி நான் யோசிக்கத் தொடங்கியதே அந்த இரவில்தான். அதில் தரவுத்தளம் ஒரு வன்தட்டிலும், பதிவேடுகளும் பயனர்கள் ஏற்றும் கோப்புகளும் இன்னொரு வன்தட்டிலும் இருந்தன. இரவு பதினொரு மணிபோல வலைத்தளம் நின்றுவிட்டது என்று அழைப்பு வந்தது. உள்ளே போய்ப் பார்த்தால் செயலியில் எட்டுக் கருக்கள் (கோர்) உள்ள இயந்திரத்தில் சுமைச் சராசரி, அதாவது ஓடுவதும் நிற்பதுமான செயன்முறைகளின் சராசரி எண்ணிக்கை, அறுபதைத் தாண்டி நிற்கிறது. செயலியோ ஏறக்குறைய சும்மா இருக்கிறது. என்னோடு வேலை செய்யும் தம்பி, ‘அண்ணா, ஹேங் ஆயிட்டுது, கொல்லுவமா?’ என்று கேட்டார். செயன்முறையைக் கட்டாயமாகக் கொல்ல, கில் கட்டளையை 9 போட்டு அடித்தார். ஒன்றும் நடக்கவில்லை. திரும்ப அடித்தார். செயன்முறைகள் அப்படியே நின்றன. சரி, மீள்தொடக்குவோம் என்று கட்டளை கொடுத்தால், கோப்பு முறைமையைக் கழற்றும் இடத்தில் அதுவும் போய் நின்றுவிட்டது.

நல்லவேளை, இன்னொரு முனையம் திறந்தே இருந்தது. லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலின் செய்திகளை ஏறிப் பார்த்தோம். இன்ன செயன்முறை 120 வினாடிகளுக்கு மேலாகத் தடைப்பட்டு நிற்கிறது என்று வரிசையாக அறிவிப்புகள். செயன்முறைகளின் விவரங்களைக் காட்டும் ப்ரொக் அடைவில் அவற்றின் அடுக்கை, அதாவது கெர்னலில் எந்தெந்த அழைப்புக்குள் நிற்கின்றன என்ற பட்டியலைத் திறந்தால், எல்லாம் ஈஎக்ஸ்டி4 என்ற கோப்பு முறைமை தன் மாற்றங்களைக் குறித்துவைக்கும் குறிப்பேடு எழுதி முடியும்வரை பார்த்துக்கொண்டு நிற்கின்றன. குறிப்பேட்டை எழுதும் கெர்னல் நூலோ (த்ரெட்) வன்தட்டின் பதிலைப் பார்த்துக்கொண்டு நிற்கிறது. இன்னும் மேலே போனால், இரண்டாம் வன்தட்டு பதில் சொல்லாததால் கெர்னல் இணைப்பைத் திரும்பத் திரும்ப மீட்டமைத்த செய்திகள். மேசைக்கணினிக்கென்று செய்த வன்தட்டை யாரோ சேவையகத்தில் போட்டிருக்கிறார்கள். அப்படிப்பட்ட தட்டு பழுதான ஒரு துண்டை விடாமல் திரும்பத் திரும்ப வாசிக்கப் பார்க்கும். அதற்கு ஒரு நிமிடத்துக்கு மேலும் ஆகலாம். கெர்னல் வழக்கமாக ஒரு கட்டளைக்கு 30 வினாடிதான் பொறுக்கும். சேவையகத் தட்டுகள் சில வினாடிகளில் கைவிட்டு, ‘முடியவில்லை’ என்று பிழை சொல்லிவிடும். அந்தப் பிழையாவது வந்திருந்தால் எங்கள் வேலை இலகுவாகியிருக்கும். கடைசியில் மின்னை நிறுத்தித் தட்டை மாற்றினோம்.

அந்த இரவில் நாங்கள் வீணாக்கிய நேரம் முழுக்க, ‘ஹேங்’ என்ற ஒரே சொல்லுக்குள் எல்லாவற்றையும் போட்டதால் வந்தது. செயன்முறையில் பிழை என்று நினைத்து அதையே அடித்துக்கொண்டிருந்தோம். அதில் ஒரு பிழையும் இல்லை. அது இன்னொருவரின் பதிலுக்காக நின்றது.

செயன்முறைகளைப் பட்டியலிடும் பிஎஸ் கட்டளை ஒவ்வொன்றின் நிலையையும் எஸ் என்று காட்டுவதும் டி என்று காட்டுவதும் இந்த இடத்தில்தான் பிரிகின்றன. எஸ் நிலையில் உள்ளதைச் சமிக்ஞை கொடுத்து எழுப்பலாம். அதற்குக் ‘காத்திருப்பு’ என்ற சொல் போதும். டி நிலையில் உள்ளது கெர்னலுக்குள்ளே, பெரும்பாலும் தட்டின் அல்லது வலையமைப்புச் சேமிப்பகத்தின் பதிலுக்காக, பாதி வழியில் நிற்கிறது. கொல்லும் சமிக்ஞை வந்தாலும் குறித்து மட்டும் வைக்கப்படும். பதில் வந்த பிறகே அது வேலை செய்யும். இதைத் துயில் என்று சொல்வது ‘ஸ்லீப்’ என்ற மூல ஆங்கிலச் சொல்லுக்கு நேர்தான், ஆனால் தூங்குகிறவரைத் தட்டி எழுப்பலாம் என்றுதான் தமிழில் யாரும் நினைப்பார்கள்.

நான் வைக்கும் சொல் ‘கிடப்பு’.

கோப்பு கிடப்பில் கிடக்கிறது என்று சொல்லாத தமிழர் உண்டா? கந்தோரில் ஒரு கோப்பு நகரவில்லை என்றால் யாரும் கோப்பைப் பிடித்து உலுக்குவதில்லை. ‘யாருடைய மேசையில் கிடக்கிறது?’ என்றுதான் கேட்போம். கையெழுத்துப் போட வேண்டியவர் லீவில் நிற்கிறார் என்று தெரியவரும். செயன்முறை கிடப்பில் இருக்கிறது என்று ஒரு மாணவனிடம் சொன்னாலும் அதே கேள்விதான் அவன் வாயில் வரும். பிஎஸ் கட்டளையில் டபிள்யூசான் என்ற பத்தி அந்த மேசையைத்தான் காட்டுகிறது, செயன்முறை கெர்னலில் எந்த இடத்தில் நிற்கிறது என்று. சொல்லே அவனை அந்தப் பத்திக்குக் கூட்டிக்கொண்டு போகிறது. உறைநிலையிடமிருந்து இந்த உதவி கிடைக்காது.

அதோடு இது வினையாக மடங்கும். கிடக்கிறது, கிடந்தது, கிடப்பில் விழுந்தது, கிடப்பிலிருந்து எழுந்தது. இரவு இரண்டு மணிக்குத் தொலைபேசியில் ‘அண்ணை, பதினேழு கிடக்குது’ என்று ஒருவர் சொன்னால் மற்றவருக்கு உடனே விளங்கும். சுமைச் சராசரியை விளக்கவும் இது கைகொடுக்கிறது. லினக்ஸில் 1993 முதல் அந்த எண்ணில் ஓடுபவையோடு கிடப்பவையும் சேர்த்து எண்ணப்படுகின்றன. செயலி சும்மா இருக்க எண் மட்டும் ஏறினால், ஓடுபவை குறைவு, கிடப்பவை கூட. இவ்வளவையும் ஒரு வரியில் எழுதிவிடலாம்.

சென்னையிலிருந்து எழுதிய அக்கா, கிடப்பில் போடுவது என்றால் அலட்சியம் என்ற பொருள் ஏறிவிட்டதே என்று முன்பொரு முறை வேறொரு சொல்லுக்குச் சொன்னது நினைவிருக்கிறது. இங்கே ‘போடுதல்’ வேண்டாம். யாரும் போடவில்லை, அது கிடக்கிறது. இன்னொன்று, நாங்கள் பாடநூலில் பணிசெயல் முறைமை என்று படித்ததை நீங்கள் இயங்குதளம் என்கிறீர்கள். இப்படிப் பிரிந்து போன சொற்கள் எத்தனையோ. கிடப்பு இரு கரையிலும் ஒரே பொருளில் புழங்குகிறது. அதை விட எனக்கு மனமில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பொதுமக்கள் ஹேங் என்று சொல்வதற்கு ‘இறுகல்’ போதும். கடற்காற்றில் துருப்பிடித்த கேற்றுக் கொண்டியைப் பார்த்து ‘இறுகிப் போச்சு’ என்று இங்கே எல்லோரும் சொல்வதுதான். இரண்டு செயன்முறைகள் ஒன்றுக்கு வேண்டிய பூட்டை மற்றது பிடித்துக்கொண்டு நிற்பதற்கு (டெட்லாக்) முட்டுக்கட்டை என்று எழுதி வருகிறோம். முட்டுக்கட்டையை ஒருவர் மற்றவருக்குப் போடுவார். இங்கே இருவரும் ஒருவரையொருவர் பிடித்திருக்கிறார்கள், ஆகவே ‘மாறுபிடி’ பொருந்தும் என்பது என் எண்ணம். ஆங்கிலத்தில் ‘சோம்பி’ எனப்படும் இசட் நிலைக்கு நடைப்பிணம் வேண்டாம். அது நடப்பதுமில்லை. செத்து, பெற்ற செயன்முறை வந்து முடிவுக் குறியீட்டை வாங்கும்வரை பட்டியலில் பெயர் மட்டும் நிற்கிறது. அதற்கு வேறொரு நாள் பேசுவோம்.

தம்பி, அத்தியாயத்தில் ஒரு திருத்தம். பிஎஸ் கட்டளையும் சிலவேளை இறுகும். முழுக் கட்டளை வரியைக் கேட்டால் அது அந்தச் செயன்முறையின் நினைவகத்துக்குள் போய் வாசிக்க வேண்டும். நினைவகப் பூட்டைப் பிடித்தபடி ஒன்று கிடந்தால் வாசிக்கப் போனதும் அங்கேயே கிடந்துவிடும். எண், நிலை, டபிள்யூசான், குறும்பெயர் ஆகியவற்றை மட்டும் கேட்கும்படி எழுதுங்கள். கெர்னலின் அந்த அறிவிப்பை ‘செயன்முறை 120 வினாடிகளுக்கு மேலாகக் கிடக்கிறது’ என்று பெயர்த்தால் சரி.

ஒரு இடம் மட்டும் எனக்கே இன்னும் பிடிபடவில்லை. 2008 இல் வந்த கெர்னல் 2.6.25 இலிருந்து டி நிலையிலேயே ஒரு வகை, கொல்லும் சமிக்ஞைக்கு மட்டும் வழிவிடும். வலையமைப்புக் கோப்பு முறைமையில் நிற்பவை பல இந்த வகை. பட்டியலில் இரண்டும் டி என்றே தெரியும். கொல்லவும் முடியாததை ‘விடாக்கிடப்பு’ என்று வைத்துப் பார்த்தேன். மற்றதற்கு ‘விடுகிடப்பு’ என்றால் வாயில் தடக்குகிறது. அக்கா, உங்களுக்கு ஏதும் தோன்றினால் எழுதுங்கள்.

அன்புடன்,
வெள்ளவத்தையிலிருந்து