சிடில நிமோனியா, கொரோனா பிசிஆர் நெகட்டிவ், அடுத்து எந்த டெஸ்ட்?

அப்பாவுக்கு 64 வயசு, சுகர் இருக்கு, நாங்க தஞ்சாவூர். போன திங்கக்கிழமை காய்ச்சல் ஆரம்பிச்சுது, 102 வரைக்கும் போச்சு, வறட்டு இருமல், உடம்பு வலி. மறுநாளே வீட்டுல கொரோனா ராபிட் கிட் போட்டு பாத்தோம், நெகட்டிவ். புதன்கிழமை லேப்ல கொரோனா ஆர்டிபிசிஆர் மட்டும் எடுத்தோம், அதுவும் நெகட்டிவ், ஆனா ஸ்வாப் எடுத்த பையன் குச்சிய மூக்கு ஓரத்துல சும்மா ஒரு சுத்து சுத்திட்டு எடுத்துட்டான், அப்பா தும்மக்கூட இல்ல. ஃப்ளூவுக்கு யாரும் டெஸ்ட் பண்ணல.

நேத்து, அதாவது 7ஆம் நாள், சிடி எடுத்தோம். ரெண்டு நுரையீரல்லயும் கீழ்ப்பக்கம் ஓரமா கிரவுண்ட் கிளாஸ் (மங்கலான நிழல்), கோரேட்ஸ் 4 (கொரோனா சந்தேகம் அதிகம்னு அர்த்தம்), நுரையீரல் பாதிப்பு ஸ்கோர் 25க்கு 8. ஆக்சிஜன் உக்காந்திருந்தா 95, பாத்ரூம் வரை நடந்துட்டு வந்தா 91. அசித்ரோமைசின் ஆன்டிபயாடிக் 5 நாள் முடிஞ்சும் காய்ச்சல் விடல.

ஒரு டாக்டர் கொரோனான்னு சொல்ல சிடியே போதும், அட்மிட் ஆகுங்கன்றார், இன்னொருத்தர் இந்த மாதிரி நிழல் ஃப்ளூலயும் வரும், சிடிய வச்சு எந்த வைரஸ்னு சொல்ல முடியாதுன்றார். எனக்கும் ரெண்டாவது சரின்னுதான் படுது, ஏன்னா ஃப்ளூன்னா ஒசெல்டாமிவிர் குடுக்கணும், அதுவே லேட் ஆயிடுச்சு. அட்மிஷன் இன்னைக்கு சாயங்காலம் போட்டுடுவோம்.

7 நாள் தாண்டினப்புறம் மூக்கு ஸ்வாப்பையே திரும்ப எடுக்கறதா, இல்ல சளி எடுத்து ஃப்ளூ, ஆர்எஸ்வி (இன்னொரு சுவாச வைரஸ்) எல்லாம் சேர்ந்த பேனல் டெஸ்ட் கேக்கறதா, எதுல வைரஸ் சிக்க வாய்ப்பு அதிகம்?