எல்எம்எஸ்ஸில் (பாடம், ஒப்படைப்பு, தேர்வு எல்லாம் நடக்கும் இணையக் கற்றல் தளம்) மனசு ஆறாத ஒரு சம்பவம்: உங்களுக்கு எது?

பின்வரிசை:
கட்டுரையை ஏத்தியாச்சு. கோப்புப் பேர் திரையில தெரியுது, நிம்மதியா மூடிட்டுப் படுத்தேன். மறுநாள் சார் கேக்குறார், "ஒப்படைப்பு எங்கம்மா?" உள்ளே போய்ப் பாத்தா கோப்பு அப்படியேதான் இருக்கு. மேலே பொடி எழுத்துல "வரைவு (சமர்ப்பிக்கப்படவில்லை)". அந்த அடைப்புக்குறியைப் பாத்ததும் வந்த கோபம் இன்னும் அடங்கல. ஏத்துறதுக்கு ஒரு பொத்தான், கொடுக்குறதுக்கு இன்னொண்ணா?

சிவப்புமை:
அந்த இரண்டாவது பொத்தானை நான் வேண்டுமென்றேதான் போட்டு வைக்கிறேன். அது இல்லாத காலத்தில் ஒரு மாணவரின் மூன்றாவது பத்தியைப் பற்றி விரிவாகக் குறிப்பு எழுதிக்கொண்டிருந்தேன். பக்கத்தைப் புதுப்பித்தால் பத்தியே இல்லை! நான் திருத்தும்போதே அவர் கோப்பை மாற்றிவிட்டார். சமர்ப்பித்த பிறகு மாற்ற முடியாது என்றால்தான் திருத்துபவருக்குக் கதி உண்டு.

கடைசி_ஸ்லைடு:
உங்க ரெண்டு பேர் கதையிலயும் ஆசிரியர்னு ஒரு மனுஷராவது இருக்காரு. எனக்கு வேலையிடத்துல கட்டாயப் பயிற்சி, ஸ்கார்ம் பாடம் (எந்த எல்எம்எஸ்லயும் ஓடுற மாதிரி ஒரு பொது வடிவத்துல கட்டினது). கடைசி ஸ்லைடுல "வாழ்த்துகள்!"னு வந்துச்சு, டேப்பை மூடினேன். அறிக்கையில "முடிக்கவில்லை". பாடம் தனி ஜன்னல்ல ஓடுது, முடிச்ச சேதியை அது எல்எம்எஸ்ஸுக்குச் சொல்லணும், சொல்றதுக்குள்ள மூடிட்டா போச்சாம். போதாததுக்கு ஸ்கார்ம் 1.2-ல "எங்கே விட்டோம்"ங்கிற குறிப்புக்கு 4096 எழுத்துதான் இடம். பாடம் நீளமானா அதுவும் நிரம்பிடும். வாழ்த்து சொன்னது யாரு அப்போ?

பொதுவங்கி:
எங்கள் துறையில் எல்லோருக்கும் ஒரே வினா வங்கி. என் வகுப்பு தேர்வு எழுதிக்கொண்டிருந்த நேரத்தில் சக ஆசிரியர் ஒருவர் ஒரு வினாவைத் "திருத்தினார்". முன்பே தொடங்கியவர்களுக்குப் பழைய வினா, தாமதமாக நுழைந்தவர்களுக்குப் புதியது. விடையும் வேறு.

மூடுல் என்ற எல்எம்எஸ் வைத்திருப்பவர்களுக்குச் சொல்கிறேன். 2022-இல் வந்த 4.0 முதல் ஒவ்வொரு வினாவுக்கும் பதிப்பு எண் உண்டு. சும்மா விட்டால் "எப்போதும் அண்மைய பதிப்பு" என்றுதான் நிற்கும். தேர்வுக்கு முன் குறிப்பிட்ட எண்ணைத் தேர்ந்து பூட்டிவிடுங்கள். நேரம் முடிந்ததும் விடைத்தாள் தானாகச் சமர்ப்பிக்கப்படுமா என்று அமைப்பில் பாருங்கள். ஒப்படைப்பில் கெடு தேதி வேறு, இறுதி மூடல் தேதி வேறு. கெடு தாண்டினால் "தாமதம்" என்று குறி விழுமே தவிரக் கதவு மூடாது. இரண்டாவதைப் போட்டால்தான் மூடும். பாடத்தை ஆசிரியர் கணக்கிலிருந்து பார்த்துவிட்டுச் சரி என்று நினைக்காதீர்கள். மாணவர் பெயரில் சோதனைக் கணக்கு ஒன்று வைத்து, அதிலிருந்து எழுதிப் பாருங்கள். செல்பேசியிலும்.

கடைசி_ஸ்லைடு:
யாரும் கேக்கலையே சார் :) என் சான்றிதழுக்கு வழி சொல்லுங்க.

பொதுவங்கி:
நிர்வாகியிடம் சொன்னால் "முடித்தார்" என்று கையால் குறிக்க முடியும். பாடத்துக்குள் "வெளியேறு" பொத்தான் இருந்தால் அதை அழுத்திவிட்டு மூடுங்கள்.

பின்வரிசை:
@சிவப்புமை, உங்க காரணம் சரி, ஒத்துக்குறேன். எங்க சாரும் கெடுவை நீட்டிக் கொடுத்துட்டார். ஆனா அந்தப் பொத்தான் என் திரையில பக்கத்தோட அடியில கிடந்துச்சு, இழுத்துப் பாத்தாதான் தெரியும். அதை மேல போட்டா உங்க மூணாவது பத்திக்கு என்ன ஆயிடப்போகுது?