பெண் பைலட்டுகளே, இன்னும் மனதைவிட்டுப் போகாத ஒரு நாளைப் பற்றிச் சொல்லுங்கள்

தென்றல்72:
விமானக் கம்பெனி வேலைக்கான இன்டர்வியூ, கடைசிச் சுற்று. எழுத்துத் தேர்வு, சிமுலேட்டர் எல்லாம் தாண்டியாச்சு. எதிரே மூன்று பேர். டேக்-ஆஃபை இனி நிறுத்தக் கூடாது என்கிற வேகமான வி1 தாண்டியதும் ஒரு எஞ்சின் நின்றால் என்ன செய்வாய் என்றார்கள், சொன்னேன். வானிலை பற்றிக் கேட்டார்கள், சொன்னேன். அப்புறம் நடுவில் இருந்தவர், "கல்யாணம் எப்பம்மா?" என்றார். "இப்போதைக்கு இல்லை சார்." உடனே பேனாவை எடுத்து என் தாளின் ஓரத்தில் ஏதோ எழுதினார். அதுவரை எந்தப் பதிலுக்கும் அவர் பேனாவைத் தொடவில்லை. வேலை கிடைக்கவில்லை. எட்டு வருஷமாச்சு. வேறு கம்பெனியில் சேர்ந்து இடதுபக்க இருக்கைக்கும், அதாவது கேப்டன் இருக்கைக்கும் வந்துவிட்டேன். அந்த ஓரத்தில் என்ன எழுதினார் என்று இன்னும் யோசிக்கிறேன்.

மழைமேகம்:
எனக்குக் குஷன். உயரம் 153 செ.மீ. செஸ்னா 152 என்ற சின்னப் பயிற்சி விமானத்தில் காலுக்கு ரடர் பெடலும் எட்ட வேண்டும், மூக்குக்கு மேலே ரன்வேயும் தெரிய வேண்டும். அடியில் ஒன்று, முதுகுக்கு ஒன்று. தினமும் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு போவேன். முதல் சோலோ, அதாவது முதல்முறை தனியாகப் பறக்கும் நாள் அன்று காலை இரண்டையும் காணோம். ஹேங்கர் முழுக்கத் தேடினேன். பையன்கள் சுவரோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார்கள். "குஷன் இல்லாம ஓட்டத் தெரியாதா?" என்று இன்ஸ்ட்ரக்டர் என் பெயரை அடித்துவிட்டார். மறுநாள்தான் சோலோ போனேன். அது சரியாக நினைவில்லை, முந்தின நாள்தான் இருக்கிறது.

பிறகு ஏர்பஸ் ஏ320 பயணிகள் விமானத்தில் முதல்முறை சீட்டை ஏற்றி, பெடலைக் கிட்டே கொண்டுவந்து, கண்ணாடிச் சட்டத்தில் இருக்கும் சின்ன உருண்டைகளைப் பார்த்துக் கண்மட்டத்தைச் சரிசெய்தபோது அழுகை வந்துவிட்டது.

கோவைராஜன்:
தென்றல், கல்யாணக் கேள்வி ஆண்களிடமும் கேட்பார்கள். என்னிடமும் கேட்டார்கள். உலக அளவில் பெண் பைலட்டுகள் சுமார் 5 சதவீதம், இந்தியாவில் 15. நாம் முன்னால்தான் இருக்கிறோம்.

போன மாதம் தங்கை மகளை ஒரு பயிற்சிப் பள்ளிக்குக் கூட்டிப் போனேன். அவள் கேட்ட கேள்விக்கெல்லாம் என்னைப் பார்த்தே பதில் சொன்னார்கள்.

சேரப்போகிறவர்களுக்கு: பணம் கட்டும் முன் மெடிக்கல் முடியுங்கள். முதலில் கிளாஸ் 2, அப்புறம் கிளாஸ் 1. நிறப்பார்வைக் குறை பாதியில் தெரிந்தால் எல்லாம் வீண். சிபிஎல்லுக்கு (கமர்ஷியல் பைலட் லைசென்ஸ்) 200 மணி நேரம் பறக்க வேண்டும். பள்ளியில் எத்தனை விமானம் நிஜமாகப் பறக்கிறது என்று இரண்டு நாள் நின்று எண்ணுங்கள், வாசலில் நிற்பதை எண்ணாதீர்கள். மொத்தப் பணத்தையும் ஒரே தடவையில் கொடுக்காதீர்கள். நேவிகேஷன், மெட்டீரியாலஜி தாள்களை முதலில் எழுதி முடித்துவிட்டுப் போனால் காத்திருப்பு குறையும்.

தென்றல்72:
15 சதவீதம் எனக்கும் பெருமைதான் அண்ணா. 1985இல் சௌதாமினி தேஷ்முக், நிவேதிதா பாசின் என்ற இரண்டு பெண் பைலட்டுகள் கல்கத்தாவிலிருந்து அசாமின் சில்சாருக்கு ஃபோக்கர் விமானத்தை ஓட்டிப் போனதைப் படித்துத்தான் இந்த வேலைக்கே வந்தேன். ஆனால் ஒன்று மட்டும் சொல்லுங்கள். உங்களிடம் கல்யாணம் பற்றிக் கேட்டபோது, நீங்கள் சொன்ன பதிலை யாராவது எழுதிக்கொண்டார்களா?