வீடு விற்க வந்த ஆள் எவ்வளவு முக்கியம்? வேலூர் பக்கம் வாங்கியவர்கள் சொல்லுங்கள்

காட்பாடி வாசி:

பத்திரமும் இடமும் சரியாக இருந்தால் போதும், விற்கிற ஆள் யாராக இருந்தால் நமக்கென்ன என்று சிலர் சொல்வார்கள். எனக்கு அதில் பாதிதான் சம்மதம். பத்திரத்தைச் சரிபார்க்க வேண்டுமென்றால் முதலில் அது நம் கைக்கு வர வேண்டும். கேட்டதும் கொண்டுவந்து கொடுப்பதா, இல்லை "எல்லாம் கிளியர் சார், பேங்க்கே லோன் தருது" என்று சொல்லி ஒப்பேற்றுவதா என்பது அந்த ஆளின் கையில்தான் இருக்கிறது.

நாங்கள் தேடியது காட்பாடியிலிருந்து திருவலம் போகும் வழியிலும் பிரம்மபுரம் பக்கத்திலும். முதலில் போன கம்பெனி வீட்டுக்கே கார் அனுப்பியது. ஏசி ஆபீஸ், பாதாம் பால், டை கட்டிய தம்பி. தண்ணீர் எப்படி என்றால் "ஸ்வீட் வாட்டர் சார்". பஸ் வருமா என்றால் "சீக்கிரம் வந்துடும் சார்". எந்தக் கேள்விக்கும் இல்லை என்ற பதிலே அவரிடம் கிடையாது, அதுதான் எனக்கு உறுத்தியது. ரெரா எண் (ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டப்படி ப்ராஜெக்ட்டுக்குத் தரும் பதிவு எண்) கேட்டேன், "அப்ளை பண்ணிட்டோம் சார், வர்ற வாரம் வந்துடும், அதுக்கு முன்னாடி டோக்கன் போட்டா பழைய ரேட்டு" என்றார். 500 சதுர மீட்டருக்கு மேல் நிலம், அல்லது 8 வீட்டுக்கு மேல் என்றால் பதிவு செய்யாமல் விளம்பரமே போடக் கூடாது, புக்கிங் எடுக்கவும் கூடாது என்பது 2016 சட்டம். அது அந்தத் தம்பிக்குத் தெரியவில்லையா, எனக்குத் தெரியாது என்று நினைத்தாரா என்பது இன்றுவரை புரியவில்லை. டோக்கன் போடாமல் வந்துவிட்டோம். அப்புறம் ஒரு மாதம் தினமும் போன்.

அடுத்து பார்த்தது ஒரு சின்ன பில்டர் கட்டிய வரிசை வீடுகள். அங்கே விற்பனைக்கு இருந்தவர் ஐம்பது வயதுக்காரம்மா. போனில் பேசும்போதே "மதியம் மூணு மணிக்கு வாங்க சார், காலையில வந்தா எல்லா வீடும் நல்லாத்தான் இருக்கும்" என்றார். மே மாதம், வேலூர் வெயில், சொல்ல வேண்டியதில்லை. நாங்கள் ஆசைப்பட்ட வீட்டின் படுக்கையறைச் சுவரில் என் மனைவியின் கையை வைக்கச் சொன்னார். மேற்குச் சுவர், சுட்டது. "கத்திரியில ராத்திரி பதினோரு மணி ஆனாலும் இது ஆறாதும்மா, எதிர் வரிசையில மேற்குப் பக்கம் மாடிப்படி வருது, அதைப் பாருங்க" என்றார். அந்த எதிர் வரிசை வீடு விலை கொஞ்சம் குறைவு வேறு! போர் தண்ணீரை ஒரு சொம்பில் பிடித்து என் கையில் கொடுத்து, "உப்புதான். குளிக்கலாம், துணி துவைக்கலாம், பருப்பு வேகாது. சமையலுக்குக் காவிரித் தண்ணிதான், அது எப்போ வருதுன்னு குடியிருக்கிறவங்களையே கேட்டுக்குங்க" என்றார்.

பணக் கணக்கிலும் அதே மாதிரி. முதல் கம்பெனி தம்பி 40 லட்சம் வீட்டுக்கு "90 பர்சன்ட் லோன், நாலு லட்சம் கையில இருந்தா போதும்" என்றிருந்தார். இந்தம்மா நோட்டீஸின் பின்பக்கத்தில் எழுதிக் காட்டினார். 90 சதவீதம் என்பது 30 லட்சம் வரைக்குமான கடனுக்குத்தான், அதற்கு மேல் 75 லட்சம் வரை 80 தான், அதாவது 32 லட்சம். பத்திரச் செலவு முத்திரைத்தாள் 7, பதிவுக் கட்டணம் 2, ஆக 9 சதவீதம், 3,60,000. பேங்க் அதைக் கணக்கில் சேர்க்காது. ஆகக் கையில் 11,60,000 வேண்டும். நாலு லட்சத்துக்கும் இதற்கும் உள்ள தூரத்தைப் பாருங்கள். முன்பணம் கட்டியபிறகு இது தெரிந்திருந்தால் நகையைத்தான் அடகு வைத்திருப்போம்.

தாய்ப்பத்திரம் (இடத்தின் முந்தைய பத்திரம்), பட்டா, அப்ரூவல் பிளான் எல்லாவற்றுக்கும் ஜெராக்ஸ் கேட்காமலே வந்தது. வில்லங்கச் சான்று (இடத்தின் மேல் பதிவான விற்பனை, அடமான விவரம்) மட்டும் "நான் தர்றதை நம்பாதீங்க, நீங்களே பதிவுத்துறை வெப்சைட்ல முப்பது வருஷத்துக்குப் போட்டுப் பாருங்க" என்றார். அந்த ஒரு வாக்கியத்துக்காகவே அங்கே வாங்கலாம் என்று என் மனைவி முடிவு செய்துவிட்டார். நான் வக்கீலிடமும் காட்டினேன், அது வேறு விஷயம்.

முன்னாள் சேல்ஸ்:

எட்டு வருஷம் இந்த வேலை பார்த்தவன், இப்போது வேறு தொழில். அந்தத் தம்பியை ரொம்பத் திட்ட வேண்டாம் சார். சம்பளம் சொற்பம், பத்திரம் பதிவானால்தான் இன்சென்டிவ், மாதக் கடைசியில் டார்கெட் என்று மேனேஜர் தலையில் உட்கார்ந்திருப்பார். "இன்னைக்கே டோக்கன் போடுங்க, நாளைக்கு சதுர அடிக்கு நூறு ரூபாய் ஏறுது" என்று யாராவது சொன்னால் காலண்டரைப் பாருங்கள், பெரும்பாலும் 25 தேதிக்கு மேல் இருக்கும். பள்ளமான மூலைக்குக் கூட்டிப் போகாதே, மழை பெய்த மறுநாள் சைட் விசிட் வைக்காதே என்றெல்லாம் எங்களுக்குச் சொல்லிக் கொடுத்தே அனுப்புவார்கள்.

நல்ல ஆளைக் கண்டுபிடிக்க நான் சொல்வது ஒன்றுதான். அவருக்குப் பதில் தெரியாத ஒரு கேள்வியைக் கேளுங்கள். செப்டிக் டேங்க் எத்தனை லிட்டர், சன்ஷேடில் என்ன கம்பி, இப்படி ஏதாவது. வாய்க்கு வந்ததைச் சொன்னால் அவர் எல்லாவற்றையும் அப்படித்தான் சொல்கிறார். "தெரியல சார், இன்ஜினியர்கிட்ட கேட்டுச் சொல்றேன்" என்று சொல்லி, மறுநாள் அவராகவே போன் செய்தால் விடாதீர்கள்.

விலையில் எங்களுக்கு ஒன்றும் அதிகாரம் கிடையாது, அது முதலாளியோ மேனேஜரோ குறைக்க வேண்டும். ஆனால் பட்டா மாறுதல் செலவு, ஈபி இணைப்பு, கிச்சன் லாஃப்ட் மாதிரி விஷயங்களை நாங்கள் உள்ளே பேசி வாங்கித் தர முடியும். இன்னொன்று, கமிஷனுக்கு வெளியிலிருந்து விற்கும் புரோக்கருக்கும் ரெரா பதிவு வேண்டும். அதைக் கேட்டால் பாதிப் பேர் "நான் ஃபிரண்டுதான் சார்" என்பார்கள்.

பாகாயம்:

எங்களுக்கு விற்ற பையன் தங்கம். கிரகப்பிரவேசத்துக்கு வந்து பந்தியில் சாம்பார் வாளி தூக்கினான். ஆறாவது மாதம் வேறு கம்பெனிக்குப் போய்விட்டான். பாத்ரூம் ஓதம் ஹால் சுவருக்கு ஏறியபோது புதிதாக வந்தவரிடம் போனோம், அவருக்கு நாங்கள் யாரென்றே தெரியவில்லை. இன்வெர்ட்டர் ஒயரிங் போட்டுத் தருவதாகச் சொன்னார்களே என்றதற்கு "அக்ரிமென்ட்ல இல்லையே சார்". நல்லவேளை, என் வீட்டுக்காரம்மா எதையும் வாட்ஸ்அப்பில் கேட்கிற ஆள், பையனின் பதில் எல்லாம் அப்படியே இருந்தது. அதைக் காட்டியதும் ஒயரிங் ஆனது. ஓதத்துக்கு மட்டும் இழுத்தடித்தார்கள். வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 5 வருஷத்துக்குள் கட்டுமானக் குறை என்று சொன்னால் 30 நாளில் இலவசமாகச் சரிசெய்ய வேண்டும் என்று ரெரா சட்டத்தில் இருக்கிறது. அதைக் குறிப்பிட்டு ரிஜிஸ்டர் தபால் அனுப்பியபிறகு மேஸ்திரி வந்தார். ஆகவே ஆள் முக்கியம்தான், சாவி வாங்கும் வரைக்கும். அதற்குப் பிறகு சைட் இன்ஜினியரின் போன் நம்பர்தான் முக்கியம், அதை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.

குடியாத்தம் டு மஸ்கட்:

நான் வீடியோ கால் கேஸ். செல்போனை அவர் பிடிக்கிற பக்கம்தான் நமக்குத் தெரியும்! வீட்டைச் சுற்றி வந்தவர் பின்பக்கம் மட்டும் போகவே இல்லை. "ஏரி பக்கத்துல இருக்கு சார், தண்ணிப் பஞ்சமே வராது" என்று வேறு பெருமை. மச்சானை அனுப்பினேன். அவன் ஆபீசுக்குப் போகாமல் நேராக முனையில் இருந்த டீக்கடைக்குப் போய், 2021 நவம்பரில் பாலாற்றில் வெள்ளம் போன மழைக்கு இங்கே என்ன ஆச்சு என்று கேட்டிருக்கிறான். "இன்னா சார், முட்டி அளவு நின்னுச்சு, ரெண்டு நாளு" என்றாராம் கடைக்காரர். புலப்பட வரைபடம் (சர்வே நம்பர் வாரியான நில அளவை வரைபடம்) எடுத்துப் பார்த்தால் பின்மதிலை ஒட்டி ஓடை. விற்க வந்த அண்ணனிடம் கேட்டேன், "அது வேற சர்வே நம்பர் சார்" என்றார். வாஸ்தவம்தான், தண்ணீருக்கு சர்வே நம்பர் தெரியாதே.

வெளிநாட்டில் இருந்து வாங்குகிறவர்களுக்கு இந்த ஆள் பத்து மடங்கு முக்கியம், நம் கண்ணே அவர்தான். அதனால்தான் நம் ஆள் ஒருவரும் கூடவே போக வேண்டும் என்கிறேன்.

சத்துவாச்சாரி:

ஒரு சந்தேகம். பிடித்த வீடு ஒன்று இருக்கிறது, ஆடியில் அட்வான்ஸ் போடலாமா? அம்மா வேண்டாம் என்கிறார். விற்பவர் அதற்குள் போய்விடும் என்கிறார். 20 சதவீதம் கேட்கிறார்கள்.

முன்னாள் சேல்ஸ்:

ஆடியில் எங்கேயும் போகாது. அந்த மாதம் பதிவு குறைவு, நாங்கள் ஈ ஓட்டிக்கொண்டிருப்போம், பேரம் பேச அதைவிட நல்ல நேரம் கிடையாது. விலையை இப்போதே பேசி முடித்துவிட்டு ஆவணியில் அக்ரிமென்ட் என்று சொல்லுங்கள், ஒத்துக்கொள்வார்கள். 20 மட்டும் கொடுக்காதீர்கள். ரெராவில் பதிவான ப்ராஜெக்ட் என்றால், ஒப்பந்தத்தைப் பதிவு செய்வதற்கு முன் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க அவர்களுக்கே உரிமை இல்லை. அதைச் சொல்லிப் பாருங்கள், என்ன பதில் வருகிறது என்று இங்கே எழுதுங்கள்.